'பாஸ் அவுட்' என்று எழுதுமுன் ஒரு நிமிஷம்

வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்ஸுகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) பயிற்சிக்காக ஒரு பிள்ளை எழுதிய ரெஃபரல் லெட்டரை, அதாவது நோயாளியை இன்னொருவர் கவனிப்புக்கு அனுப்பும் கடிதத்தை, திருத்த எடுத்தேன். பாத்ரூமில் மயங்கி விழுந்த 68 வயது அம்மா. முதல் பத்தியில் 'ஷி பாஸ்டு அவே இன் த பாத்ரூம்'. மூன்றாம் பத்தியில் அதே அம்மாவுக்குக் காலை டிபனுக்கு முன் மாத்திரை கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது லெட்டர்.

மயங்கினால் பாஸ் அவுட். காலமானால் பாஸ் அவே. இதில் குழம்பலாமா?

குழப்பத்துக்குக் காரணம், நமக்கு 'பாஸ் அவுட்' என்றாலே படிப்பு முடித்தது. '2021 பாஸ் அவுட்' என்று வேலை விளம்பரமே வருகிறது. "அவுட்னா வெளியே, காலேஜை விட்டு வெளியே வந்துட்டேன், சரிதானே மேடம்?" என்கிறார்கள். சரியில்லை. இரண்டு சொல்லின் அர்த்தத்தையும் கூட்டிப் பார்க்காதீர்கள் என்று தொண்டை வற்றச் சொல்கிறேன். 'மயக்கம் போட்டு விழுந்தார்' என்கிறோம். எதைப் போட்டார், எங்கே போட்டார் என்று யாராவது கேட்கிறோமா? 'கைவிட்டான்' என்றால் கையையா விட்டான்? அதுபோல் 'பாஸ் அவுட்' மொத்தமும் ஒரே சொல். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ராணுவம், போலீஸ் பயிற்சி முடிப்பவர்களுக்கு அது பொருந்தும். பரங்கிமலை ராணுவ அகாடமியில் பாஸிங் அவுட் பரேட் நடப்பது அந்த வழக்கில்தான். நர்ஸிங் காலேஜுக்கு அது ஒட்டாது. லண்டனில் இன்டர்வியூவில் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2021' என்றால், அந்த வருஷம் மயங்கி விழுந்தேன் என்றுதான் கேட்பவர் காதில் விழும். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிப் பழகுங்கள்.

படிவங்களை எல்லோருக்கும் கொடுப்பதும் 'பாஸ் அவுட்'தான். 'பாஸ் தெம் அவுட்' என்று சொல்லுங்கள், 'பாஸ் அவுட் தெம்' வேண்டாம். 'பாஸ் ஆன்' இன்னும் கவனம்: தகவலை அடுத்தவருக்குச் சொல்வதும் அதுவே, இறப்பதும் அதுவே.

லெட்டரில் எழுதும்போது இந்த 'பாஸ்' எதுவுமே வேண்டாம், கண்ணுகளா. மயங்கியவருக்கு 'ஃபெயின்டட்', இறந்தவருக்கு 'டைடு'. ஆனால் காதுக்கு இவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தேர்வின் பேச்சுப் பகுதியில் வரும் ரோல்-பிளேயில் நோயாளியாக நடிப்பவர் 'ஐ பாஸ்டு அவுட் திஸ் மார்னிங்' என்பார். தலையில் அடிபட்டதா, எவ்வளவு நேரம் நினைவில்லை, கூட யார் இருந்தார்கள் என்று உடனே கேளுங்கள்.