நைட்ரஜனில் என்ன ரிப்பேர்?

"வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சரிசெய்கின்றன." இந்த வாக்கியத்தை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். சரிசெய்ய அதில் என்ன கெட்டுப்போயிருந்தது?

மூலச்சொல் நைட்ரஜன் ஃபிக்சேஷன். ஃபிக்ஸ் என்பதன் லத்தீன் வேருக்குப் பொருள், குத்திப் பொருத்தி நிற்கவைப்பது. பழுதுபார்ப்பது பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். சூடுபட்டால் ஆவியாகிப் பறப்பதைப் பறக்காதபடி ஆக்குவதற்கு ரசவாதிகள் இச்சொல்லைப் புழங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர் ஜோசப் பிளாக், சுண்ணாம்புக்கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயுவை 'ஃபிக்ஸ்டு ஏர்' என்றார். காற்றாகத் திரிவதைச் சேர்மத்துக்குள் பிடித்துவைப்பது, அவ்வளவுதான்.

'சரிசெய்தல்' அகராதியில் முதல் பொருளோடு நிறுத்திக்கொண்டவர்களின் வேலை, விடுங்கள். (அப்படி எழுதிய ஒரு கட்டுரையில் தனி நைட்ரஜன் 'இலவச நைட்ரஜன்' ஆகியிருந்தது!) எனக்கு உண்மையான சண்டை, படித்தவர்களே எழுதும் 'நிலைப்படுத்தல்' என்ற சொல்லோடு. ஆட்டம் காண்பதைத்தான் நிலைப்படுத்துவோம். காற்றிலுள்ள நைட்ரஜனோ ஏற்கெனவே அசையாமல் கிடக்கிறது. இரண்டு அணுக்களுக்கு நடுவே முப்பிணைப்பு. ஒரு மோலுக்கு அதை உடைக்க சுமார் 945 கிலோஜூல் வேண்டும். ஆலையில் அம்மோனியா தயாரிக்கும் ஹேபர்-பாஷ் முறையில் 400 டிகிரி செல்சியஸ் சூடு, காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் அழுத்தம், இரும்பு வினையூக்கி எல்லாம் கொடுத்தபிறகுதான் கொஞ்சம் மசிகிறது. ஆக, நடப்பது நேரெதிர். மந்தமாகக் கிடந்ததை அம்மோனியாவாக்கி, வினைபுரிய வைக்கிறோம். அதுவும் நிலையாக இருக்கிறதா? மண்ணிலிருந்து அம்மோனியா ஆவியாகிறது. மிச்சம் மாறி உண்டாகும் நைட்ரேட்டை வேறு பாக்டீரியாக்கள் திரும்பவும் வாயுவாக்கி அனுப்பிவிடுகின்றன. இந்த லட்சணத்தில் 'நிலைப்படுத்தப்பட்ட நைட்ரஜன்' என்று படிக்கும் மாணவர் எதை நினைத்துக்கொள்வார்?

வேளாண்மைக்காரர்கள் தழைச்சத்தை (நைட்ரஜனுக்கு அவர்கள் வைத்த பெயர்) 'நிலைநிறுத்தல்' என்பார்கள். 'நிறுத்தல்' இருப்பதால் ஓரளவு தேறும். இலங்கையில் 'நைதரசன் பதித்தல்'. என் ஓட்டு இதற்குத்தான். மோதிரத்தில் பதித்த கல் உருண்டோடாது, வேண்டுமானால் பெயர்த்தும் எடுக்கலாம். அச்சுப் பதிப்பு நினைவுக்கு வருகிறதே என்றார் நண்பர் ஒருவர். வரட்டுமே! பதிகிறது, பதிந்தது, பதித்தது என்று எப்படி வேண்டுமானாலும் வளைகிறதே, அது போதாதா? பயறுச் செடி ஒன்றைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் பதிகிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் பதியவில்லை.