பனியில் பிள்ளைகள்: ஈரமான சாக்ஸும் மூடிய அறைக் கரியடுப்பும்

ஜனவரியில் டெல்லிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை விட்டதும் ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கத்து நம் குடும்பங்கள் பல சிம்லாவுக்குக் கிளம்பிவிடுகின்றன. ஓட்டலைவிட நார்கண்டா, கோட்கர் பக்கம் ஆப்பிள் தோட்டத்து வீடுகளில் தங்குவது பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது. தோட்டக்காரர் வீட்டுச் சமையலும் வாசலிலேயே ஸ்னோவும் கிடைக்கும். புறப்படும் முன் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சளி பிடிச்சுக்குமா டாக்டர்?" சளி வைரஸால் வருகிறது, பனியால் அல்ல. குழந்தை மருத்துவர்களாகிய எங்களுக்குக் கவலை வேறு: உடம்போடு ஒட்டிய ஈரம், கதவை மூடிய அறையில் எரியும் கரி.

ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. அதனால் பருத்தி பனியனும் ஜீன்ஸும் பனியில் வேண்டவே வேண்டாம். நனைந்தால் லேசில் காயாது. உள்ளே உடம்பை ஒட்டிய தெர்மல், நடுவே கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் இறங்காத ஜாக்கெட்டும் பேன்ட்டும். விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை கதகதப்பானது. ஒரு பிள்ளைக்கு இரண்டு ஜோடி கையுறை, மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ் எடுத்துவையுங்கள்.

பலர் தவறுவது ஷூவில்தான். டெல்லியில் போட்ட அதே ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் கால் இறுகும், ரத்த ஓட்டம் குறையும், விரல் முன்னைவிடச் சீக்கிரம் விறைக்கும். ஒரு அளவு பெரிய கம்பூட்டும் ஒரே ஒரு தடித்த சாக்ஸும் போதும். மஃப்ளர் நுனியை ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள். சறுக்கும்போது கிளையிலோ பலகையிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.

தோட்டக்காரர்களுக்குப் பனி விழுந்தால் சந்தோஷம். பழைய ஆப்பிள் ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரமாவது குளிர் கிடைத்தால்தான் பூப்பு ஒழுங்காக இருக்கும். மரங்களைக் கவாத்து செய்வதும் இதே பருவத்தில்தான். அதனால் வெட்டிய கிளைகளும் கூரான குச்சிகளும் பனிக்கடியில் மறைந்து கிடக்கும். முள்கம்பி வேலியும் பாதி புதைந்திருக்கும். மர வரிசைகளுக்கு நடுவே சறுக்க விடாதீர்கள். எந்தச் சரிவு வெறும் புல்வெளி என்று வீட்டுக்காரரைக் கேட்டு, அங்கே மட்டும், உட்கார்ந்தபடி, கால் முன்னால் இருக்கும்படி சறுக்கட்டும். தகரக் கூரையின் ஓரத்தில் பனிமனிதன் செய்வதும் ஆபத்து. வெயில் ஏறியதும் கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து விழும்.

முதல் முறை 20 நிமிடம் விளையாடியதும் உள்ளே கூப்பிடுங்கள். கையுறையைக் கழற்றி விரல் நுனி, காது, மூக்கு, கன்னம் ஆகியவற்றைப் பாருங்கள். வெளுத்து, தொட்டால் உணர்வில்லாமல் இருந்தால் அது குளிர்க்காயத்தின் தொடக்கம். தேய்க்கக் கூடாது, பனியை வைத்து உரசவே கூடாது, அடுப்பில் காட்டக் கூடாது. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோன பிறகுதான் தெரியும். உங்கள் அக்குளுக்குள் அந்த விரல்களை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது 37 முதல் 39 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். அரை மணி நேரத்தில் சிவந்து உணர்வு திரும்பாவிட்டாலோ, கொப்புளம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூங்கி வழிந்தால் தேறிவிட்டதாக நினைக்காதீர்கள். உடம்புச் சூடு இன்னும் இறங்கிவிட்டது என்று பொருள். ஈரத்துணியைக் கழற்றிக் கம்பளிக்குள் சுற்றி உடனே வண்டியில் ஏற்றுங்கள். பிராந்தி ஒரு சொட்டுகூட வேண்டாம். அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, இருக்கிற சூட்டையும் வெளியே விடும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு விளையாட்டுக்கு முன் இன்ஹேலர் எடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். மூக்கையும் வாயையும் மூடி மஃப்ளர் கட்டுங்கள். கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம். புதுப் பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணெரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும்.

இனி சமையலறை. நார்கண்டா சுமார் 2,700 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் துவரம்பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் சரியாக மசியாது. ஊறவைத்துக் குக்கரில் வையுங்கள், டெல்லிக் கணக்கைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். இட்லி மாவு அந்தக் குளிரில் புளிக்காது. அதற்குப் பதில் 'சித்து' என்ற, உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் அந்த ஊர் ரொட்டியைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாம். அரை கிலோ கோதுமை மாவு, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்துத் தளரப் பிசைந்து, அடுப்புக்கு அருகில் துணி மூடி இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்த உளுந்தில் இஞ்சி, கொத்தமல்லி, உப்பு சேர்த்து உள்ளே வைத்து மடித்து, 25 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். உருக்கிய நெய் ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

அங்கே 'தந்தூர்' என்பது புகைக்குழாய் வைத்த இரும்பு விறகடுப்பு. குழாய் வழியே புகை வெளியே போகும்வரை அது பாதுகாப்பானது. குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று காலையில் வெளியே நின்று பாருங்கள். உண்மையில் உயிரைக் குடிப்பது, படுக்கையறைக்குள் கொண்டுவந்து வைக்கும் அங்கீட்டி என்ற, புகைக்குழாய் இல்லாத கரியடுப்பு. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கரி தணலாகிப் புகை நின்ற பிறகும் அது வந்துகொண்டுதான் இருக்கும். ஒரே அறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் அதை மலை ஏறிய களைப்பு என்று சொல்லிப் படுக்க வைக்காதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, 112-ஐ அழைத்து, ஆக்சிஜன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். அந்த வாயு பிடித்த ரத்தத்தையும் அது ஆக்சிஜன் உள்ள ரத்தமாகவே கணக்கிடும். ராத்திரிக்குக் கூடுதல் ரஜாய் (பஞ்சு வைத்த கனத்த போர்வை) கேட்டு வாங்குங்கள், அங்கீட்டியை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

டெல்லி திரும்பியதும் குளியலறையில் இருக்கும் கேஸ் கீசரையும் பாருங்கள். அதிலிருந்தும் இதே வாயு வரும். அதை வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். மாற்றும்வரை கதவைத் திறந்துவைத்து வாளியை நிரப்பி, கீசரை அணைத்து, அறை காற்றோட்டமான பிறகே பிள்ளையைக் குளிக்க உள்ளே அனுப்புங்கள்.