80 கிலோமீட்டரில் ஓடிய கார் திரையில் பறப்பது எப்படி?

1971இல் வந்த 'வேனிஷிங் பாயிண்ட்' படத்தின் நாயகன் கோவால்ஸ்கி நல்லவனா கெட்டவனா என்றே கடைசிவரை சொல்ல முடியாது. முன்னாள் போலீஸ்காரன், முன்னாள் ரேஸ் டிரைவர், இப்போது ஒரு வெள்ளை டாட்ஜ் சேலஞ்சரை டென்வரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஓட்டிக்கொண்டு போகிறான், யார் துரத்தினாலும் நிறுத்த மாட்டான். வழியில் ஒரு ஜாகுவார்க்காரன் அவனோடு பந்தயத்துக்கு வருவான். பார்க்கிற நமக்கு வயிற்றைப் பிசையும். அந்த இரண்டு கார்களும் நிஜத்தில் ஓடியது மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர்தான்.

கேமராவைப் பாதி வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். தியேட்டரில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும். எடுக்கும்போது 12 ஃபிரேம் மட்டும் எடுத்தால் இரண்டு நொடியில் நடந்தது திரையில் ஒரே நொடியில் முடிந்துவிடும், 80 என்பது 160 ஆகிவிடும்.

சரி, அப்படியே 6 ஃபிரேமில் எடுத்து 320 ஆக்கலாமே? முடியாது, புவியீர்ப்பு காட்டிக்கொடுத்துவிடும். நேரத்தைப் பாதியாக்கினால் வேகம் இரண்டு மடங்கு, முடுக்கமோ நான்கு மடங்கு. எழும்பிய புழுதி சட்டென்று விழும், காரின் பாடி படபடவென்று ஆடும். பொருட்கள் விழுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண் இதை உடனே பிடித்துவிடும். அதனால் 20, 22 ஃபிரேமோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. 20இல் எடுத்தால் வேகம் 1.2 மடங்கு, புவியீர்ப்பு 1.44 மடங்கு, பெரிதாகத் தெரியாது.

எனக்கு இதைவிடப் பிடித்த வித்தை கேமராவின் உயரம். நம் மூளை வேகத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் தரை கண்ணைக் கடந்து எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதை வைத்துத்தான் கணிக்கிறது. அது காரின் வேகத்தைக் கண்ணின் உயரத்தால் வகுத்தால் வருவது. டிரைவரின் கண் 1.2 மீட்டரில் இருக்கிறது, கேமராவை பம்பருக்குக் கீழே, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டினால் தரை நான்கு மடங்கு வேகமாக ஓடும், புழுதி மட்டும் இயல்பாகவே விழும். மரமோ கம்பமோ இல்லாத பாலைவனத்தில், தூரத்து மலைகள் அசையாமல் நிற்கும்போது, வேகத்தைச் சொல்ல இந்தத் தரையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

எதிரே வரும் கார் வேறு கதை. அதன் உருவம் வளரும் வேகம் தூரத்தின் இருமடிக்கு எதிராக மாறும், அதாவது 500 மீட்டரில் வளர்வதைப்போல 50 மீட்டரில் 100 மடங்கு வேகமாக வளரும். அதனால்தான் கானல் நடுவே நின்றதுபோல இருக்கும் கார் திடீரென்று முகத்தில் பாய்கிறது.

இந்தப் படத்துக்கு ஸ்டண்ட் அமைத்த கேரி லாஃப்டின், 1968இன் 'புல்லிட்' படத்திலும் வேலை செய்தவர். அதில் துரத்தலை 24 ஃபிரேமிலேயே எடுத்தார்கள், கார்கள் சில இடங்களில் நிஜமாகவே 175 கிலோமீட்டரைத் தாண்டின. சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் எகிறி இறங்கும் அந்தப் படத்தின் மஸ்டாங் கார் அவ்வளவு கனமாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே புவியீர்ப்பில் யாரும் கைவைக்கவில்லை.