பந்தை எண்ணுகிற பெண்ணைத் திட்டாதீர்கள்

"ரெண்டு கையையும் முன்னால நீட்டு பாக்கலாம். உள்ளங்கை மேல பாக்கணும்" என்றேன். நீட்டினான். இடது கை ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு மாதிரி நேராக நின்றது. வலது கை முழங்கையில் கொஞ்சம் மடங்கியே நின்றது. பத்து டிகிரி இருக்கும். இன்னும் நீட்டச் சொன்னால் தோளைத் தூக்கிச் சமாளித்தானே தவிர முழங்கை நிமிரவில்லை. உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினேன். கண்ணை இறுக்கிக்கொண்டான். பதினோரு வயது.

"சின்ன வலிதாங்க. ரெண்டு நாள் ஐஸ் வெச்சா சரியாயிடும்னு இருந்தோம்" என்றார் அப்பா.

எப்போதிலிருந்து வலிக்கிறது என்று பையனைக் கேட்டேன். ஒருமுறை அப்பாவைப் பார்த்துக்கொண்டு, "போன மாசத்துலேர்ந்து" என்றான். அப்பாவுக்கே அது புதுச் செய்தி.

நான் நியூ ஜெர்சியில் குழந்தைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். (இங்கே சொல்லும் பிள்ளைகள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) குளிர் விட்டதும் பேஸ்பால் தொடங்கும், மே மாதம் பிறந்தால் முழங்கைகள் வர ஆரம்பிக்கும். நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. பெற்றோருக்கு கிரிக்கெட் தண்ணீர் பட்ட பாடு. பேஸ்பால் விதிகளோ பிள்ளை ஆடத் தொடங்கிய பிறகு, மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. அவர்களுக்காகத்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நான் இந்த வயசுல ஒரு நாளைக்கு இருபது ஓவர் போடுவேன், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லாத அப்பா அபூர்வம். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கிரிக்கெட்டில் பந்து போடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அது த்ரோ, செல்லாது. அங்கே வேகமாகப் பந்து போடும் பையனுக்கு நாங்கள் முதலில் பயப்படுவது கீழ்முதுகு எலும்புக்குத்தான். பேஸ்பாலில் த்ரோதான் ஆட்டமே. மடங்கிய கை பின்னால் போய்ச் சாட்டை மாதிரி முன்னால் வரும்போது முழங்கையின் உட்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும். பெரியவர்களுக்கு அந்த இழுவையைத் தாங்குவது லிகமென்ட், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார். தாங்க முடியாதபோது அது கிழியும். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்ச்சருக்கு (பேட்டருக்குப் பந்து எறிபவர்) டாக்டர் ஃபிராங்க் ஜோப் அந்த லிகமென்ட்டை மாற்றி வைத்தார். இன்றும் அந்த அறுவைச் சிகிச்சைக்கு நோயாளியின் பெயர்தான்.

பிள்ளைகளின் முழங்கையில் லிகமென்ட்டைவிட பலவீனமான இடம் ஒன்று உண்டு. லிகமென்ட் பிடித்திருக்கும் எலும்பு முனைக்கு அடியில் இருக்கும், இன்னும் எலும்பாகாத வளர்ச்சிக் குருத்து. பதினைந்து, பதினாறு வயதுவரைகூட அது மூடாமல் இருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் இழுபட்டு இழுபட்டு அங்கே புண்ணாகிவிடும். மோசமானால் எலும்பு முனையே பிரிந்து விலகும். 1960-லேயே மருத்துவ இதழ் ஒன்றில் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: லிட்டில் லீகர்ஸ் எல்போ. 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் பிள்ளைகள் விளையாடுவதற்கென்று தொடங்கிய லீக், ஒரு நோய்க்குப் பெயரானது இப்படித்தான். பாவம், 2007-ல் பந்தை எண்ணியே தீர வேண்டும் என்று விதி கொண்டுவந்ததும் அதே லிட்டில் லீக்தான்.

அந்த விதி எளிமையானது. 9, 10 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 75 பந்துக்கு மேல் பிட்ச் செய்யக் கூடாது. 11, 12 வயதுக்கு 85. அதோடு ஓய்வு நாள் கணக்கு: 20 பந்துவரை ஓய்வு கட்டாயமில்லை. 21-லிருந்து 35 வரை ஒரு நாள், 36-லிருந்து 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 66-ஐத் தொட்டால் நான்கு நாள். 41 பந்து போட்டவன் அன்றைக்கு மறுபடி கேட்ச்சராகவும் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) நிற்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கேட்டுப் பல பெற்றோர் ஆச்சரியப்படுவார்கள், "பிட்ச் பண்ணி முடிச்சிட்டு சும்மா பந்தப் புடிக்கிறதுதானே" என்று. கேட்ச்சர் சும்மா பிடிப்பதில்லை. பேட்டில் படாமல் தன்னிடம் வரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான்.

நம் பையன் கதைக்கு வருகிறேன். அம்மாவிடம் போனில் காலண்டரைத் திறக்கச் சொல்லி நான்கு வாரத்தைப் பின்னோக்கி எழுதினோம். ஒரு சனிக்கிழமை காலை ஊர் லீக்கில் 62 பந்து. விதிப்படி ஞாயிறு, திங்கள், செவ்வாய் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். "அன்னிக்கு டிராவல் டீமுக்கு டோர்னமென்ட் இருந்துது. ரெண்டு இன்னிங்ஸ்தான் போட்டான்" என்றார் அவர். ஊர் லீக்குக்கு வெளியே, ஊர் ஊராகப் போய் ஆடும் தனி அணி அது.

"எத்தனை பந்து?"

"அங்க எண்ண மாட்டாங்க. இன்னிங்ஸ் கணக்குதான்."

இங்கேதான் இருக்கிறது விஷயம். ஊர் லீக் கோச் விதியை மீறவில்லை. அவர் நோட்டில் 62 என்று பளிச்சென்று இருக்கிறது. டிராவல் டீம் கோச்சும் மீறவில்லை. அவர் ஆடும் போட்டிக்கு இன்னிங்ஸ் வரம்புதான். பேஸ்பாலில் மூன்று பேர் அவுட்டானால் ஒரு பக்கத்தின் இன்னிங்ஸ் முடிந்தது; அது எட்டுப் பந்திலும் முடியலாம், முப்பத்தைந்தும் ஆகலாம். பையனுடைய முழங்கை ஒன்றுதான், அதற்கு நோட்டு இரண்டு. இரண்டையும் சேர்த்துக் கூட்ட வேண்டியவர் யார் என்று எந்த விதியும் அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லவில்லை. ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடக்கத்திலும் போடும் எட்டு வார்ம்-அப் பந்துகள், ஆட்டத்துக்கு முன்னால் ஓரமாகப் போடுபவை, புதன்கிழமை தனிப்பயிற்சி, இவையெல்லாம் எந்தக் கணக்கிலும் வராதவை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது அப்பா பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

சிறுவர் பேஸ்பாலில் ஏமாற்று என்றதும் எல்லோரும் சொல்வது பெரிய கதைகளை. 2001-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் அணி லிட்டில் லீக் உலகத் தொடரில் மூன்றாவது வந்தது. அதன் பிட்ச்சருக்கு வயது 12 அல்ல, 14 என்று பிறகு தெரிந்து எல்லா வெற்றியும் ரத்தானது. 2014-ல் அமெரிக்கப் பட்டம் வென்ற சிகாகோ அணியிடமிருந்து, தன் லீக்கின் எல்லைக்கு வெளியே இருந்து ஆட்களைச் சேர்த்ததற்காக, அடுத்த பிப்ரவரியில் பட்டம் பறிக்கப்பட்டது. இரண்டிலும் பெரியவர்கள் செய்ததற்குப் பிள்ளைகள் தலைகுனிந்தார்கள். என் கிளினிக்குக்கு வருவது அந்த மாதிரிப் பெரிய ஏமாற்று இல்லை. யாரும் பொய் சொல்லாமல், எல்லோரும் விதிக்குள்ளேயே நின்றுகொண்டு, ஒரு பிள்ளையின் கையைத் தீர்த்துவிடுவது.

அந்தப் பிள்ளையும் வாயைத் திறப்பதில்லை. தனியாக இருந்தபோது ஏன் ஒரு மாதமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வேற பையனப் போட்டுடுவாங்க, ஆன்ட்டி." அலபாமாவில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகத்தினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இந்த இடத்தில் பெற்றோரிடம் தவறாமல் சொல்வேன். வளரிளம் பிட்ச்சர்களில், கை சோர்ந்த பிறகும் வழக்கமாகப் பந்து போட்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சை வரை போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 36 மடங்கு. வேகம், வளைவுப் பந்து என்றெல்லாம் வீட்டில் விவாதம் நடக்கும். சோர்வைப் பற்றிப் பேசுவது குறைவு.

"வேற பையன்" என்றானே, அந்த வேறு பையனைப் பற்றி ஒரு வார்த்தை. லிட்டில் லீக் சீசன் ஆட்டங்களில் அணியில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது பேட் பிடிக்க வேண்டும், எதிரணியின் ஆறு அவுட்டுக்காவது களத்தில் நிற்க வேண்டும். கட்டாயம் இது. பல கோச்சுகள் இதை ஒரு வரி மாதிரி கட்டுவார்கள்: சுமாராக ஆடும் பிள்ளையை இரண்டு இன்னிங்ஸ் ரைட் ஃபீல்டில், பந்து அதிகம் போகாத மூலையில் நிறுத்திவிட்டு, ஆறாவது அவுட் விழுந்ததும் உட்காரவைத்துவிடுவார்கள். சட்டப்படி சரி. ஆனால் அந்தப் பிள்ளைக்கு யாரும் பிட்ச் செய்யச் சொல்லித் தரவில்லை. ஆகவே அணியில் பந்து போடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஆகவே அந்த இரண்டு பேருக்கும் ஓய்வு கிடையாது. விளையாட்டு நேர்மை என்றால் ஆட்டம் முடிந்ததும் வரிசையில் நின்று எதிரணியோடு கைதட்டிக்கொள்வது என்று நினைக்கிறோம். அது அழகுதான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சொந்த அணிப் பிள்ளைக்கு ஒரு பிட்ச்சிங் பயிற்சி கொடுப்பதையும் அதில் சேர்ப்பேன். ஆறு பேருக்குப் பந்து போடத் தெரிந்த அணியிலிருந்து எனக்கு நோயாளிகள் வருவது மிகக் குறைவு.

இன்னொரு காட்சி, மைதானத்தில் நான் நேரில் பார்த்தது. பத்து வயதுப் பிள்ளைகள் ஆட்டம். வலைக்குப் பின்னால் உயர்நிலைப் பள்ளிப் பெண் ஒருத்தி, கையில் கிளிக்கர் (அழுத்தி எண்ணும் கருவி), மடியில் நோட்டு. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு அழுத்து. ஐந்தாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், ஒரு ரன் முன்னிலை. அவள் எழுந்து போய் அம்பயரிடம், "எழுபத்தைந்து" என்றாள். விதிப்படி அப்போது நிற்கும் பேட்டரை முடிக்கலாம். அதற்குப் பிறகு பிட்ச்சரை மாற்ற வேண்டும். நாற்காலி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "எழுபத்தொண்ணுதான் ஆச்சு! அந்தப் பொண்ணு போனப் பாத்துக்கிட்டிருந்தா!" இன்னொருவர், "நல்லா ஆடுற பையன எடுக்கச் சொல்லி யாரு சொல்லிக்கொடுத்தா?" அவள் நோட்டைத் திறந்து, இன்னிங்ஸ் வாரியாகப் போட்ட கோடுகளை அம்பயருக்குக் காட்டினாள். விரல் நடுங்கியது எனக்கே தெரிந்தது. எதிரணி நோட்டிலும் 75.

நான் பார்த்துக்கொண்டிருந்தது பிட்ச்சரை. அவன் மேட்டில் நின்றபடி வலது கையை இடது கையால் பிடித்து நீவிக்கொண்டிருந்தான்.

ஒருவேளை அவள் எண்ணத் தவறியிருந்தாலும், அம்பயர் சொல்ல மறந்திருந்தாலும், வரம்பு வந்ததும் பிட்ச்சரை மாற்றும் பொறுப்பு மேனேஜருடையது, அதாவது அணியின் தலைமைக் கோச்சுடையது என்றே லிட்டில் லீக் விதி எழுதப்பட்டிருக்கிறது. யாரும் சொல்லவில்லை என்பது சாக்காகாது. அந்தப் பெண்ணோ காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து, யாரோ பெற்ற பிள்ளையின் முழங்கையைக் காவல் காக்கிறாள்.

இப்படிக் கத்துவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: 2019 ஜூனில் கொலராடோவின் லேக்வுட்டில் ஏழு வயதுப் பிள்ளைகள் ஆட்டத்தில், 13 வயது அம்பயர் ஒருவனின் தீர்ப்பைச் சாக்காக வைத்துப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் அடித்து உருண்டார்கள். எங்கள் மாநிலத்திலேயே டெப்ட்ஃபோர்ட் டவுன்ஷிப் லிட்டில் லீக், அம்பயர்கள் வெறுத்துப்போய் விலகியதும், 2023-ல் ஒரு விதி போட்டது. அம்பயரைத் திட்டி நடத்தை விதியை மீறுகிறவர் மூன்று ஆட்டங்களுக்குத் தாமே அம்பயராக நிற்க வேண்டும். அதுவரை மைதானத்துக்குள் வரக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. இன்னும் கொஞ்சம் நீட்டி, எண்ணிக்கையைச் சந்தேகிக்கிறவர் கையில் கிளிக்கரைக் கொடுத்து ஆறு இன்னிங்ஸ் உட்காரவைக்கலாம். மூன்றாவது இன்னிங்ஸிலேயே தெரிந்துவிடும், பேச்சு சுவாரசியத்தில் எத்தனை பந்து கைநழுவுகிறது என்று.

வீட்டில் கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பந்து போட்ட மறுநாள் காலை இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பாருங்கள். ஒன்று நேராக வராவிட்டால் அன்று பந்தைத் தொட வேண்டாம். முழங்கையின் உட்பக்கம் வலி, திடீரென வேகம் குறைவது, பந்து குறி தவறி உயரே போவது, எறிந்ததும் கையை உதறிக்கொள்வது, இவை தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்-ரே சுத்தமாக இருக்கிறது என்பதற்காக வலியைப் பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். மாத்திரை கொடுத்து ஆட அனுப்புவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். வலி ஒன்றுதான் அந்தக் கைக்காகப் பேசுகிறது. இரண்டு அணியில் ஆடினால் இரண்டு கோச்சுக்கும் ஒரே குறுஞ்செய்தியில் எண்ணிக்கையை அனுப்புங்கள். கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலான கோச்சுகள் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் சம்பளமில்லாமல் வரும் அப்பாக்கள்தானே. கோபித்துக்கொண்ட ஒருவரும் உண்டு. அந்த வீட்டார் வேறு அணிக்கு மாறிவிட்டார்கள்.

அந்தப் பதினோரு வயதுப் பையனுக்கு மருத்துவர் ஆறு வாரம் எறியவே கூடாது என்றார். அதன்பின் 30 அடி தூரத்திலிருந்து மெதுவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் பயிற்சி கொடுத்தோம். கடைசியாக வந்த அன்று குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தான். ஊர் லீக்குக்கு ஒரு நிறம், டிராவல் டீமுக்கு ஒரு நிறம், வலிக்கு ஒரு கட்டம். சனி: 38. ஞாயிறு: 0. அந்த சைபருக்குப் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே நீட்டி அவனே எழுதியிருந்தான்: "ஒரு ரன்ல தோத்துட்டோம்."

கையை நீட்டச் சொன்னேன். இரண்டும் நேராக இருந்தன.