துருவக் கடலில் கிருமிக்கு என்ன வேலை?

கோத்தகிரியில் ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அட்டையைக் காட்டி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்: 'அண்டார்டிகா கடலின் உணவு வலையில் கிருமிகள் முக்கியப் பங்கு வகிக்கின்றன.' கூட வந்த பாட்டி கேட்டார், "ஏங்கண்ணு, கிருமியைத் தின்னா பென்குயினுக்குச் சீக்கு வராதா?"

பாட்டி கேட்டது சரி. தப்பு அட்டையில்தான். பாக்டீரியா என்று வரும் இடத்திலெல்லாம் கிருமி என்று போடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

பாக்டீரியா என்றால் கிரேக்கத்தில் சிறு கோல். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் எஹ்ரன்பெர்க் வைத்த பெயர். கிருமி வடமொழி, பொருள் புழு. வைணவக் கதைகளில் வரும் கிருமிகண்ட சோழனுக்குக் கழுத்தில் வைத்தது அந்தப் புழுதான். இன்று கிருமி என்றால் நோய் மட்டுமே. கிருமி ஊற்றித் தயிர் தோய்த்தேன் என்று யாராவது சொல்வார்களா?

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'கோலுயிரி' என்கிறார். அழகான சொல்தான். ஆனால் உருண்டையாகவும் சுருளாகவும் இருப்பவற்றை என்ன செய்வது? கிரேக்கச் சொல்லில் இருக்கும் பிழையைத் தமிழிலும் பண்ணுவானேன்?

அடுத்தது 'நுண்ணுயிரி'. பாடநூலிலும் செய்தித்தாளிலும் அடிக்கடி கண்ணில் படுவது. குற்றமில்லாத சொல், இந்த இடத்துக்கு மட்டும் உதவாது. துருவக் கடலில் நடப்பதைப் பாருங்கள். டயட்டம் போன்ற ஒருசெல் பாசிகள் வெயிலில் உணவு தயாரிக்கும்போது அதில் ஒரு பகுதி கரைந்த கரிமப்பொருளாக நீரில் கசிந்துவிடுகிறது. மீனும், கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரும் அதை உண்ண முடியாது. பாக்டீரியா உறிஞ்சிக்கொள்ளும். பாக்டீரியாவைக் கசையிழை (சாட்டை போன்ற நுண்ணிய வால்) கொண்ட ஒருசெல் உயிர்கள் தின்னும், அவற்றை அவற்றைவிடப் பெரியவை தின்னும். வீணாகப் போயிருக்க வேண்டியது இப்படித்தான் மறுபடி உணவு வலைக்குள் வருகிறது. கடல் ஆய்வாளர் ஃபாரூக் ஆசமும் கூட்டாளிகளும் 1983இல் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் நுண்ணுயிர்ச் சுழல் எனலாம். சுழலுக்கு அந்தப் பெயர் பொருந்தும், ஏனென்றால் அதில் எல்லாமே நுண்ணுயிரிகள். பாக்டீரியாவையும் நுண்ணுயிரி என்றே எழுதினால்? நுண்ணுயிரி கசியவிட்டதை நுண்ணுயிரி உறிஞ்ச, அதை நுண்ணுயிரி தின்ன, அதையும் இன்னொரு நுண்ணுயிரி தின்கிறது. யார் யாரைத் தின்றார்கள் என்று சொல்லத்தானே உணவு வலை?

பாக்டீரியா என்றே எழுதுங்கள். பஸ் போல, காபி போல அது நம் வாயில் படிந்த சொல்.

அப்புறம் அந்த 'பங்கு வகிக்கிறது'. என்ன வேலை செய்கிறது என்று சொல்ல வராத மொழிபெயர்ப்பாளருக்குக் கைத்தடி அது. உறிஞ்சுகிறது, இரையாகிறது என்று எழுதினால் கை வலிக்குமா?

அந்தப் பெண் கிருமியை அடித்துவிட்டு மேலே 'பாக்டீரியா' என்று எழுதினாள். "தயிர்ல இருக்குமே, அதுவா?" என்றார் பாட்டி. அதன் உறவுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நம் ஊரில் ஜனவரி வந்தால் தயிர்ப் பாத்திரத்தைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி அடுப்போரம் வைத்தாலும் காலையில் பாலாகவே கிடக்கும். துருவக் கடலில் இருப்பதோ பூஜ்யத்துக்குக் கீழே 1.8 டிகிரியிலும் வேலை செய்யும்.

"அப்ப அதுல ரெண்டு சொட்டுக் கொண்டாந்து ஊத்தலாமே" என்றார் பாட்டி.