பூட்டிய வீட்டுக்குள் தெள்ளு எங்கிருந்து வந்தது?

உப்புவெளியில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மார்கழி விடுமுறைக்கு மட்டக்களப்பில் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் நின்றோம். பூனையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டு, வீட்டைக் கூட்டித் துடைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்து நாலடி வைக்கவில்லை, முழங்காலுக்குக் கீழே எல்லாம் தெள்ளு. பூனையே இல்லாத வீட்டில் இது எப்படி? மாமி கண்ணூறு என்கிறார், சாம்பிராணி போடச் சொல்கிறார்."

கண்ணூறு இல்லை. பூனை இல்லாமல் போனதுதான் காரணம்.

முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என்று பள்ளிக்கூடத்தில் வண்ணத்துப்பூச்சிக்குப் படித்த அதே நாலு பருவம்தான் தெள்ளுக்கும். உங்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பூனைத் தெள்ளாக இருக்கும். பெயர்தான் பூனைத் தெள்ளு, நாயிலும் அதிகம் காணப்படுவது அதுதான். வளர்ந்த தெள்ளு பூனையின் மயிருக்குள்ளேயே வாழ்ந்து அங்கேயே சாகும். பெண் தெள்ளு நன்றாக இரத்தம் குடிக்கும் நாட்களில், ஒரு நாளைக்கே 40, 50 முட்டை வரை இடும். முட்டை அரை மில்லிமீற்றர்தான். மயிரில் ஒட்டாது, வழுக்கி விழும். ஆகவே பூனை எங்கெல்லாம் படுக்கிறதோ அங்கெல்லாம் முட்டை கிடக்கும்: செற்றியின் அடி, கட்டிலின் கீழ், படியோரம், அயர்ன் பண்ண வைத்த துணிக் குவியல்.

முட்டையோடு சேர்ந்து இன்னொன்றும் விழுகிறது. பெண் தெள்ளு ஒரு நாளில் தன் எடையைப்போல் 15 மடங்கு இரத்தம் குடிக்கிறது. அவ்வளவும் அதற்குத் தேவையில்லை. பாதி செரித்தும் செரிக்காமலும் பின்பக்கத்தால் வெளியே தள்ளிவிடும். அது காய்ந்து கறுப்புத் தூளாக உதிரும். கீழே பொரித்து வரும் குடம்பிக்கு அந்தத் தூள்தான் முக்கியமான சாப்பாடு. தாய் மேலே இருந்து குடிக்கிறது, பிள்ளை கீழே இருந்து தின்கிறது. பூனைக்குத் தெள்ளு இருக்கிறதா என்று பார்க்கவும் இந்தத் தூள் போதும். வாலடியில் சீப்பால் வாரி, விழும் கறுப்புப் பொடியை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டுங்கள். வெறும் மண் என்றால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் செங்கபில நிறம் பரவும். அது உங்கள் பூனையின் இரத்தம்.

குடம்பிக்கு வெளிச்சம் ஆகாது, வறட்சியும் ஆகாது. காற்றின் ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து செத்துவிடும். திருகோணமலையில் கச்சான் அடிக்கும் மாதங்களில் வெயில் படும் முற்றத்து மணலில் அதனால் பிழைக்க முடியாது. வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் கதை வேறு. நீங்கள் வீட்டைப் பூட்டிய மார்கழி, அதற்கு வாய்ப்பான மாதம்.

இனி நான் சொல்ல ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன்.

வளர்ந்து முடிந்த குடம்பி பட்டு நூல் சுரந்து தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டுகிறது. அந்த நூல் பிசுபிசுப்பானது. தரையில் இருக்கும் மணல், தூசி, மயிர் எல்லாம் ஒட்டிக்கொள்ள, கூடு எள்ளில் புரட்டிய உருண்டை மாதிரி ஆகிவிடும். சீமெந்துத் தரையின் வெடிப்பில் அது கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. தும்புத்தடிக்கும் எளிதில் அசையாது. பூச்சி மருந்தும் உள்ளே சரியாகப் போகாது. நீங்கள் கூட்டித் துடைத்தது வீண் என்று சொல்லவில்லை, நிறைய முட்டை போயிருக்கும். கூடுகள் தப்பியிருக்கும்.

கூட்டுக்குள் ஒரு வாரம், பத்து நாளில் தெள்ளு முழுதாக உருவாகிவிடுகிறது. கால், வாய், எல்லாம் தயார். பல பூச்சிகள் என்றால் உடனே கூட்டைக் கிழித்து வெளியே வரும். தெள்ளு வராமலும் இருக்கலாம். வெளியே வந்து இரத்தம் கிடைக்காவிட்டால் அதன் ஆயுள் சில நாட்கள்தான், மிஞ்சினால் ஓரிரு வாரம். உள்ளேயே அசையாமல் கிடந்தால் அனுசேபம் மிகவும் குறைந்து, மூச்சு விடுவதும் நீர் இழப்பதும் மட்டுப்பட்டு, பல நாள் தாக்குப்பிடிக்கும். குளிர்ந்த இடங்களில் ஐந்து மாதம் வரை இப்படிக் காத்துக் கிடக்கும். எங்கள் சூட்டில் அவ்வளவு தாங்காது, ஆனாலும் சில வாரங்கள் கிடக்கலாம்.

எதற்காகக் காத்திருக்கிறது? அழுத்தத்துக்கும் சூட்டுக்கும். 1980களில் கலிபோர்னியாவில் செய்த ஆய்வுகளில் கூட்டின்மேல் பாரம் பட்டபோதும், ஒரு மிருகத்தின் உடம்புச் சூடு அளவுக்கு வெப்பம் பட்டபோதும் தெள்ளுகள் கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்தன. பாரமும் சூடும் சேர்ந்து வந்தால் மேலே ஏதோ ஒன்று படுத்திருக்கிறது என்று அர்த்தம். மூளை என்று சொல்ல ஒரு பொட்டுத்தான் இருக்கிறது, அதற்குள் இவ்வளவு கணக்கு. வெளியே வந்தபின் இன்னும் சில குறிப்புகளைப் பார்க்கிறது: நாம் விடும் மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டு, வெளிச்சம், அந்த வெளிச்சத்தைச் சட்டென்று மறைக்கும் நிழல். நிழல் விழுந்தால் பாயும். பாய்ச்சலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ரெசிலின் என்ற இறப்பர் போன்ற புரதத்தில் சக்தியைச் சேமித்து விசை போல விடுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்குப் பாய்ச்சலை விட இந்தக் காத்திருப்புத்தான் அதிசயம்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். பூனை வீட்டில் இருந்த காலத்தில் நாளுக்குக் கொஞ்சமாகத் தெள்ளு வெளிவந்து பூனையில் ஏறியது. உங்களுக்குத் தெரியவில்லை. பூனை போனது, ஆட்களும் போனீர்கள், ஆனால் முன்பு விழுந்த முட்டைகள் வளர்ந்துகொண்டே இருந்தன. தரையில் நடமாட்டம் இல்லை, எழுப்ப யாரும் இல்லை. வெளியே வர வேண்டியவை வராமல் சேர்ந்தன. நீங்கள் கதவைத் திறந்து, வெளிச்சத்தை விட்டு, பெட்டியைத் தொம்மென்று வைத்து நடந்தீர்கள். அவ்வளவும் ஒரே நேரத்தில் எழும்பிவிட்டது. மனிதன் அவற்றுக்கு உகந்த விருந்து இல்லை, வேறு ஆள் இல்லாததால் உங்கள் காலைப் பிடித்தன.

சாம்பிராணி விஷயத்தில் மாமியை ஒரேயடியாகக் கோபிக்க வேண்டாம். புகை கூட்டுக்குள் போய் எதையும் செய்யாது. ஆனால் தட்டோடு ஒவ்வோர் அறையாக, மூலை மூலையாக நடக்கிறாரே, அந்தக் கால் மிதிப்பு வேலை செய்யும். சாம்பிராணி காட்டுபவரின் காலில்தான் முதலில் ஏறும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மருந்து அடிப்பதென்றால் அதே தந்திரம்தான். முதலில் வீடு முழுக்க மிதித்து நடந்து, செற்றியைத் தட்டி எழுப்பிவிட்டு அடிக்க வேண்டும். அடித்த பிறகும் கூட்டில் தப்பியவை இரண்டு மூன்று வாரம் வந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் மருந்து சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். நாய்க்கு விற்கும் பேமெத்திரின் கலந்த மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பூனையின் ஈரலால் அதை உடைக்க முடியாது, வலிப்பு வந்து சாகக்கூடும். மண்ணெண்ணெய், வாகனத்தில் கழிந்த ஓயில் இரண்டையும் நாய்மேல் பூசுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மிருகம் அதை நக்கும், வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போகும். தெள்ளுக்கு முன்னம் நாய் போய்விடும்.

இரவில் ஒரு அகலத் தட்டில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, மேலே சின்ன விளக்கு வைத்துத் தரையில் விடலாம். வெளிச்சத்துக்குப் பாயும் தெள்ளு நேரே தண்ணீரில் விழும். விளக்கைச் சில நிமிடத்துக்கு ஒருதரம் சில செக்கன் அணைத்து எரித்தால் இன்னும் நிறைய விழும். நிழல் விழுந்தது என்று நினைத்துப் பாய்கின்றன. இந்த உத்தியும் அமெரிக்க ஆய்வுதான், 1993இல் வந்தது. எங்கள் நாட்டில் நுளம்புக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், டெங்கு ஆளைக் கொல்கிறது என்பதால் அது நியாயம். ஆனால் தெள்ளும் தைபஸ் காய்ச்சலைக் காவக்கூடியது. அமெரிக்காவில் கம்பளம் விரித்த வீடுகளில் எடுத்த கணக்கை வைத்தே நாம் சீமெந்துத் தரையையும் கடற்கரை மணலையும் பேசிக்கொண்டிருக்கிறோம். கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் இறுதியாண்டுப் பிள்ளை ஒருவருக்கு இதைவிட மலிவான ஆய்வு கிடைக்காது: ஒரு தட்டு, ஒரு விளக்கு, நாலு நாய் வளர்க்கும் வீடு.

கடைசியாக, பூனையின் வாலடியில் அரிசி மாதிரி ஏதோ நெளிந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். அது நாடாப்புழுவின் துண்டு. அதற்குள் முட்டைகள் இருக்கும். தெள்ளின் குடம்பி அந்த முட்டையைத் தின்கிறது, வளர்ந்த தெள்ளைப் பூனை நக்கும்போது விழுங்குகிறது, புழு குடலில் வளர்கிறது. மிருக வைத்தியரிடம் பிரசிகுவான்டெல் குளிசை கேளுங்கள், புழு போய்விடும். தெள்ளை விட்டுவைத்துக் குளிசை மட்டும் கொடுத்தால் சில கிழமையில் மறுபடி அரிசி தெரியும்.