டெரிஃபிக்குக்குச் சரியான தமிழ் 'பயங்கரம்'தான்

டெரிபிள் என்றால் படுமோசம், டெரிஃபிக் என்றால் பிரமாதம். ஆஃபுல் என்றால் சகிக்காது, ஆசம் என்றால் செம. பள்ளியில் இப்படித்தான் மனப்பாடம் செய்தோம். ஒரே வேரில் முளைத்த இரண்டு சொற்களில் ஒன்று ஏன் வசவாகவும் இன்னொன்று ஏன் பாராட்டாகவும் போனது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

லத்தீனில் டெர்ரேரே என்றால் அச்சுறுத்துவது. அதிலிருந்து வந்தவைதான் டெரிபிள், டெரிஃபிக் இரண்டும். டெரிஃபிக்கின் பின்பாதியில் இருப்பது 'செய்' என்று பொருள்படும் வினை, ஆக அச்சத்தைச் செய்வது, உண்டாக்குவது. ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667-இல் வெளியிட்ட காவியத்தில் பாம்பை வருணிக்கும்போது அதன் பிடரி மயிரை டெரிஃபிக் என்கிறார். அதைச் 'சூப்பரான பிடரி' என்று படித்தால் போச்சு. அப்புறம் மெல்ல மெல்ல அச்சம் கழன்று, அளவில் பெரியது, வேகத்தில் மிஞ்சியது என்று ஆகி, 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பாராட்டாகவே மாறிவிட்டது. டெரிபிள் அந்தப் பக்கம் போகாமல் கீழே இறங்கியது.

இங்கேதான் நம் 'பயங்கரம்' வருகிறது. பயம், கர, அதாவது பயத்தைச் செய்வது. வடமொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லும் டெரிஃபிக்கும் உறுப்புக்கு உறுப்பு ஒன்றே. வேடிக்கை என்னவென்றால், நாமும் அதை அதே வழியில்தான் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறோம்: 'பயங்கர விபத்து' என்கிற அதே வாயால் 'பயங்கரமா நடிச்சிருக்கான்யா' என்கிறோம். ஆகவே அகராதிகள் என்ன போட்டாலும், டெரிஃபிக்குக்கு இரண்டு காலத்துக்கும் பொருந்துகிற ஒரே தமிழ்ச்சொல் பயங்கரம்தான் என்பது என் கட்சி.

டெரிபிள் பழைய நூலில் வந்தால் தமிழாக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 1611-இல் வந்த ஆங்கில பைபிள் கடவுளையே டெரிபிள் என்று சொல்கிறது. உபாகமம் 10-ஆம் அதிகாரத்தில் அந்த இடத்தைத் தமிழில் 'மகத்துவமும் வல்லமையும் பயங்கரமுமான தேவன்' என்று பெயர்த்திருக்கிறார்கள், ரொம்பச் சரி. ரஷ்யாவின் நான்காம் இவானுக்கு ஆங்கிலத்தில் கொடுத்த பட்டமும் இதே டெரிபிள்தான். ஆள் கொடூரன், பெற்ற மகனையே அடித்துக் கொன்றவன் என்பார்கள், அதெல்லாம் சரி, ஆனால் பட்டம் வசவு இல்லை. ரஷ்ய மூலச்சொல் குரோஸ்னி. இடிமழையைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது, பகைவர் கேட்டு நடுங்குகிற வேந்தன் என்கிற தொனி. தொல்காப்பியத்தில் பே, நாம், உரும் என்ற மூன்றும் அச்சப்பொருள் தருவன என்று ஒரு நூற்பா உண்டு. அதில் உரும் என்பது இடியும்தான்! இடியையும் அச்சத்தையும் ஒரே சொல்லில் வைக்க ரஷ்யனுக்கும் தமிழனுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சரி, ஆஃபுலுக்கு வருவோம். 'ஆ' என்கிற அடிச்சொல் ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, பொருள் அச்சம். (நாம் ஆவென்று வாய் பிளப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யாராவது கிளப்பிவிடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.) ஆசமில் உள்ள 'சம்' கொஞ்சம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் அல்ல, ஹேண்ட்சம் என்பதில் ஒட்டியிருக்கிறதே, அந்தப் பழைய விகுதி. 16-ஆம் நூற்றாண்டில் ஆசம் என்றால் அஞ்சி வணங்கி நிற்கிற ஆள். ஆஃபுலுக்கும் அந்தப் பொருள் இருந்தது, கூடவே அஞ்சவைப்பது என்கிற பொருளும். வழக்கொழிந்த அந்த முதல் பொருளுக்கு 'பயபக்தியுள்ள' என்று போட்டால் அச்சாகப் பொருந்தும். அஞ்சவைப்பதற்கு 'உட்கத்தக்க' என்பது நல்ல சொல், உட்கு என்றால் அச்சம், ஆனால் இன்றைக்கு யாருக்கும் புரியாது என்பதால் நான் 'மலைக்கவைக்கும்' என்றுதான் எழுதுவேன்.

அந்த 'ஆ' வெறும் பயமும் இல்லை. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் சொல்வார்: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). திருடனைக் கண்டால் வருவது 'ஆ' ஆகாது, புலியைக் கண்டாலும் ஓடத்தான் தோன்றும். முதலுக்கும் கடைசிக்கும் மட்டுமே அது பொருந்தும். அப்படிப்பட்ட சொல்லை 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மோசமான எதற்கும் சொல்லத் தொடங்கினார்கள். ஆசமை, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்க இளவட்டங்கள் பாராட்டாக்கிக்கொண்டார்கள். இப்போது பீட்சாவும் ஆசம்.

திகிலைச் சொல்லும் ஹாரிபிள், ஹாரிட், ஹாரிஃபிக் மூன்றுக்கும் வேர் வேறு: மயிர் குத்திட்டு நிற்பது. ஹாரிட் முதலில் முள்ளும் புதருமாகச் சிலிர்த்து நிற்பதைக் குறித்தது, ஹாரன்ட் என்று இன்னொன்றும் இருந்தது, கவிதையோடு போய்விட்டது. இந்த லத்தீன் வேருக்கு உறவான வடமொழி வேரிலிருந்துதான் ஹர்ஷம் வருகிறது, பொருள் மகிழ்ச்சி! அங்கே மயிர் சிலிர்த்தது திகிலில், இங்கே ஆனந்தத்தில். தமிழில் புல்லரிப்பு இரண்டுக்கும் பொது. ஆனால் பழைய கவிதையில் ஹாரிட் என்று ஒரு காட்டைப் பார்த்தால் கொடூரம், திகில் எதுவும் வேண்டாம், 'முள்ளடர்ந்த' என்று மட்டும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்.